வயலின்களில் அருவி: ரொனால்ட் பின்ஜ் முறையில் ஒரு மெட்டை எழுதுவது எப்படி

நம்மூரில் 'லைட் மியூசிக்' என்றால் கல்யாண மேடையில் சினிமாப் பாட்டு. பிரிட்டனில் அந்தச் சொல்லுக்குப் பொருள் வேறு. சிம்பொனிக்காரர்கள் வாசிக்கும் அதே கருவிகள்தான், ஆனால் மூன்று நிமிடத்தில் முடிந்துவிடும். ஒருமுறை கேட்டாலே முணுமுணுக்கத் தோன்றும் மெட்டு, பாடல் வரி கிடையாது. கடற்கரை ஊர்களின் கோடைக்கால ஆர்கெஸ்ட்ராக்களும் பிபிசி வானொலியும் இந்த இசையை வளர்த்தன. எரிக் கோட்ஸ், சிட்னி டார்ச், ரொனால்ட் பின்ஜ் ஆகியோர் இதில் பெரிய பெயர்கள். இங்கே பின்ஜைப் பிடித்துக்கொள்வோம். அவர் கண்டுபிடித்த ஒரு உத்தியை வீட்டுக் கம்ப்யூட்டரிலும் செய்யலாம், எட்டு வயலின்காரர்கள் கிடைத்தால் நேரிலும் செய்யலாம்.

ஆங்கிலத்தில் அதைக் 'கேஸ்கேடிங் ஸ்ட்ரிங்ஸ்' என்பார்கள். நாம் அருவி என்றே சொல்லலாம். 1951இல் இசைக்குழுத் தலைவர் மாண்டோவானியின் ஆர்கெஸ்ட்ரா பதிவுசெய்த 'ஷார்மெய்ன்' தட்டில் உலகம் இதை முதலில் கேட்டது. தட்டின் மேல் மாண்டோவானியின் பெயர்தான் பெரிதாக இருந்தது. அரேஞ்ச்மென்ட் (எந்தக் கருவி எதை வாசிக்க வேண்டும் என்ற எழுத்து) எழுதிய பின்ஜ் யாரென்று வாங்கியவர்களில் பலருக்குத் தெரியாது. மேடையில் நிற்பவருக்குக் கைதட்டல், மேஜையில் எழுதியவருக்குக் கூலி. இது எல்லா ஊரிலும் நடப்பதுதான்.

உத்தி எங்கிருந்து வந்தது

இதைத் தெரிந்துகொண்டு எழுதினால் தவறு குறையும். பின்ஜ் 1910இல் டெர்பி நகரில் பிறந்தவர். சிறுவயதில் தேவாலயப் பாடகர் குழுவில் பாடினார். தந்தையைப் பத்து வயதில் இழந்தார். பதினேழு வயதில் உள்ளூர் சினிமாக் கொட்டகையில் ஆர்கன் வாசிக்கப் போனார். அது பேசாப் படக் காலம், கொட்டகைக்கென்று சின்ன ஆர்கெஸ்ட்ரா இருந்தது. கையில் இருக்கும் நாலைந்து பேரை வைத்துப் பெரிய சத்தம் எழுப்பும் வேலையை அங்கே கற்றார். பிறகு கிரேட் யார்மத் போன்ற கடற்கரை ஊர் ஆர்கெஸ்ட்ராக்கள், அங்கிருந்து லண்டன். அக்கார்டியனும் பழகிக்கொண்டார். 1935 முதல் மாண்டோவானியின் டிபிகா ஆர்கெஸ்ட்ராவுக்கு அரேஞ்ச்மென்ட் எழுதினார். போர்க்காலத்தில் விமானப் படையில் இருந்தார்.

போர் முடிந்து மாண்டோவானி பெரிய ஆர்கெஸ்ட்ரா அமைத்தபோது, நாற்பது பேரில் இருபத்தெட்டு பேர் தந்திக் கருவிக்காரர்கள். இத்தனை வயலினை வைத்து எல்லோரும் செய்வதையே செய்தால் என்ன பயன்? பின்ஜுக்குக் கல் தேவாலயத்தின் எதிரொலி நினைவில் இருந்தது. பெரிய கூரைக்குக் கீழே ஒரு சுரத்தைப் பாடினால், அடுத்த சுரம் தொடங்கிய பிறகும் முந்தையது காற்றில் நிற்கும். அந்த மிச்சத்தை ஸ்டூடியோ எந்திரத்திடம் விடாமல் வாசிப்பவர்களிடமே எழுதிக் கொடுத்தால் என்ன என்பதுதான் அவர் யோசனை.

ஆகவே அருவி என்பது தாளில் எழுதப்பட்ட எதிரொலி. இந்த ஒரு வரியை மறந்து 'வயலின்களைப் பிரித்தால் போதும்' என்று இறங்குகிறவர்களுக்குத்தான் கஞ்சி போலக் குழைந்த ஒலி கிடைக்கிறது.

அடிப்படை

வயலின்களை நான்கு குழுக்களாகப் பிரியுங்கள். மெட்டின் முதல் நோட்டை 1ஆம் குழு வாசிக்கும், இரண்டாவதை 2ஆம் குழு, மூன்றாவதை 3ஆம் குழு, நான்காவதை 4ஆம் குழு. ஐந்தாவது நோட்டுக்கு மறுபடி 1ஆம் குழு. ஒவ்வொரு குழுவும் தன் நோட்டைத் தொட்டதும் விட்டுவிடாமல் மற்றவர்கள் மெட்டைக் கொண்டுபோகும்போதும் பிடித்துக்கொண்டே மெதுவாகத் தணிய வேண்டும். ஒரு குழுவின் தாளை மட்டும் தனியாக வாசித்தால் மெட்டே இருக்காது, அர்த்தமில்லாத நீண்ட நோட்டுகள்தான் இருக்கும். நான்கும் சேரும்போதுதான் மெட்டு தெரியும், அதன் பின்னால் வால் போல மிச்சமும் தெரியும்.

குழுவுக்கு ஒருவர் வைத்தால் நான்கு வயலினில் முடிந்துவிடும், ஆனால் ஒவ்வொருவரின் வில் சத்தமும் தனித்தனியாகக் கேட்கும். இருவர் வைத்தால் கலக்கும். ஆக எட்டு வயலின், இரண்டு வியோலா, இரண்டு செல்லோ, ஒரு டபுள் பேஸ். ஹார்ப் இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் கீபோர்டில் வைத்துக்கொள்ளலாம்.

மெட்டைத் தேர்ந்தெடுப்பது

எல்லா மெட்டும் அருவியாகாது. மூன்று பீட் வால்ட்ஸ் மிகவும் பொருந்தும், வேகம் நிமிடத்துக்கு 88 முதல் 100 பீட் வரை. பீட்டுக்கு ஒரு நோட்டு என்று நடக்கும் மெட்டாக இருக்கட்டும். அது பெரும்பாலும் கீழ்நோக்கி இறங்க வேண்டும். கார்டின் (சேர்ந்து ஒலிக்கும் சுரங்களின் தொகுப்பு) சுரங்களிலேயே தாவி இறங்கினால் பிடித்து வைத்த நோட்டுகள் தாமாகவே கார்டாகிவிடும். ஸ்கேலில் படிப்படியாக இறங்கினால் பக்கத்துப் பக்கத்துச் சுரங்கள் ஒன்றோடொன்று உரசும். கொஞ்சம் உரசினால் பனி மூட்டம் போல அழகு, அதிகமானால் இரைச்சல்.

அரை பீட் நோட்டுகள் நிறைய உள்ள மெட்டையும் 120க்கு மேல் ஓடும் மெட்டையும் விட்டுவிடுங்கள். ஒரே சுரம் திரும்பத் திரும்ப வரும் மெட்டும் வேண்டாம். காரணம் கீழே உதாரணத்தில் தெரியும்.

எல்லை: நடு சியை சி4 என்று வைத்துக்கொண்டால், அருவி ஜி4க்கும் ஏ5க்கும் இடையில் ஓடட்டும். ஜி4க்குக் கீழே போனால் வியோலாவோடு மோதிக் குழம்பும்.

நான்கு பார் உதாரணம்

சி மேஜர், ஒரு பாருக்கு (தாளத்தின் ஒரு சுற்று) மூன்று பீட். கார்டுகள்: சி, ஏ மைனர், டி மைனர், ஜி7. மெட்டு இப்படி:

முதல் பார்: ஜி5, இ5, சி5
இரண்டாம் பார்: இ5, சி5, ஏ4
மூன்றாம் பார்: எஃப்5, டி5, ஏ4
நான்காம் பார்: பி4 (மூன்று பீட்டும்)

மொத்தம் பன்னிரண்டு பீட், பத்து நோட்டு. முதலில் இயந்திரம் போல ஒரே விதியில் எழுதுங்கள்: ஒவ்வொரு நோட்டும் மூன்று பீட் நிற்கட்டும், பிறகு ஒரு பீட் ரெஸ்ட் (மௌனம்). குழுக்கள் வரிசையாகச் சுற்றட்டும். இப்போது வாசித்துக் கேட்டால் நான்கு இடங்களில் இடறும்.

முதல் இடறல் நான்காம் பீட்டில். அங்கே 4ஆம் குழு இ5ஐத் தொடங்குகிறது, ஆனால் 2ஆம் குழு அதே இ5ஐ இரண்டாம் பீட்டிலிருந்து பிடித்துக்கொண்டு நிற்கிறது. ஏற்கெனவே ஒலிக்கும் சுரத்தின் மேல் அதே சுரம் விழுந்தால் அது தொடங்கியதே காதில் படாது, மெட்டில் ஒரு நோட்டு காணாமல் போனது போல இருக்கும். ஐந்தாம் பீட்டில் சி5க்கும் இதே கதை: 3ஆம் குழு பிடித்திருக்கும்போதே 1ஆம் குழு அதைத் தொடங்குகிறது. தீர்வு ஒன்றுதான். முந்தையதை ஒரு பீட் குறைத்து, புதியது வருவதற்கு முன்பே நிறுத்திவிட வேண்டும். அந்த இரண்டு நோட்டுக்கும் மூன்று பீட்டுக்குப் பதில் இரண்டு.

மூன்றாவது, பத்தாம் பீட்டில். மெட்டு பி4க்கு வந்துவிட்டது, 1ஆம் குழுவின் ஏ4 இன்னும் நிற்கிறது. இரண்டும் அடுத்தடுத்த சுரங்கள், வாக்கியம் முடியும் இடத்தில் அந்த உரசல் அழுக்காகக் கேட்கும். வாக்கியத்தின் நடுவில் வந்திருந்தால் விட்டுவிடலாம், முடிவில் விடக்கூடாது. ஏ4ஐ ஒரு பீட்டோடு நிறுத்துங்கள்.

நான்காவதைப் பலர் கவனிப்பதில்லை. மெட்டின் கடைசி நோட்டு நீளமானது, அதற்குள் மற்றவர்கள் ஒவ்வொருவராக ஓய்ந்து, பன்னிரண்டாம் பீட்டில் பி4 மட்டும் அனாதையாக நிற்கும். அருவி விழுந்த இடத்தில் குளம் வேண்டாமா? 4ஆம் குழு டி5ஐக் கடைசி வரை பிடிக்கட்டும். 1ஆம் குழு ஒரு பீட் ஓய்ந்து பதினொன்றாம் பீட்டில் ஜி4ஐ மெல்லத் தொடட்டும். ஜி, பி, டி மூன்றும் சேர்ந்து பார் நிரம்பிவிடும்.

திருத்திய பிறகு நான்கு தாள்களும் இப்படி இருக்கும்:

1ஆம் குழு: ஜி5 மூன்று பீட், ரெஸ்ட் 1, சி5 மூன்று, ரெஸ்ட் 1, ஏ4 ஒன்று, ரெஸ்ட் 1, ஜி4 இரண்டு
2ஆம் குழு: ரெஸ்ட் 1, இ5 இரண்டு, ரெஸ்ட் 2, ஏ4 மூன்று, ரெஸ்ட் 1, பி4 மூன்று
3ஆம் குழு: ரெஸ்ட் 2, சி5 இரண்டு, ரெஸ்ட் 2, எஃப்5 மூன்று, ரெஸ்ட் 3
4ஆம் குழு: ரெஸ்ட் 3, இ5 மூன்று, ரெஸ்ட் 1, டி5 ஐந்து

ஒவ்வொரு வரியையும் கூட்டிப் பாருங்கள், பன்னிரண்டு வர வேண்டும். வரவில்லை என்றால் எங்கோ ஒரு ரெஸ்ட் விட்டுப்போயிருக்கிறது. அருவி எழுதும்போது நடக்கும் பிழைகளில் முக்கால்வாசி இதுதான், எந்தத் தாளையும் தனியாகக் கேட்டுக் கண்டுபிடிக்கவும் முடியாது.

ஏழாம் பீட்டையும் ஒருமுறை பாருங்கள். கீழே கார்ட் டி மைனருக்கு மாறிவிட்டது, 1ஆம் குழுவின் சி5 இன்னும் நிற்கிறது. இதைத் திருத்த வேண்டாம். டி மைனரின் மேல் சி நின்றால் டி மைனர் 7, இந்த இசைக்கே உரிய இனிப்பு அது. வாக்கியத்தின் நடுவில் பழைய கார்டின் நோட்டு, புதிய கார்டின் அடிச் சுரத்திலிருந்து எண்ணும்போது 7ஆகவோ 9ஆகவோ அமைந்தால் விடுங்கள். அரை சுரத் தூரத்தில் மோதினால் வெட்டுங்கள்.

கீழே என்ன வைப்பது

குறைவாக வையுங்கள். டபுள் பேஸ் ஒவ்வொரு பாரின் முதல் பீட்டில் மட்டும் விரலால் மீட்டினால் போதும்: சி, ஏ, டி, ஜி. வியோலா இரண்டாகப் பிரிந்து இரண்டாம், மூன்றாம் பீட்டில் மெல்லத் தொடட்டும்: முதல் இரண்டு பாருக்கும் சி4, இ4, மூன்றாவதற்கு டி4, எஃப்4, நான்காவதற்கு பி3, எஃப்4. செல்லோ நீண்ட நோட்டாக இருக்கலாம், மேலே மெட்டு ஓய்கிற இடத்தில் இரண்டு மூன்று நோட்டு நகரலாம். எல்லோரும் ஒரே நேரத்தில் சுவாரசியமாக எதையாவது செய்தால் எதிரொலி காதில் விழாது.

தொடக்கத்தில் ஒரு ஓட்டை உண்டு. முதல் பீட்டில் 1ஆம் குழு மட்டும்தான் இருக்கும், இரண்டாவதில் இரண்டு குழு. அதுவரை ஒலி மெலிந்திருக்கும். ஹார்ப்பில் சி கார்டைக் கீழிருந்து மேலாக உருட்டி முதல் பீட்டில் இறக்கினால் மூடிவிடலாம்.

நேரில் வாசிக்கும்போது

முதல் ஒத்திகையில் தாளைக் கொடுக்காதீர்கள். எல்லா வயலினும் மெட்டை ஒன்றாக இரண்டு முறை வாசிக்கட்டும். பிறகு தாளைக் கொடுங்கள். நேராகத் தாளைக் கொடுத்தால் 'இதில் அச்சுப்பிழை இருக்கிறது' என்று யாராவது கை தூக்குவார், அவர் மேல் தப்பில்லை. ஒவ்வொரு தாளிலும் முழு மெட்டையும் சின்ன எழுத்தில் மேலே அச்சடித்துவிட்டால் எண்ணுவதும் எளிது.

வில்லைப் பற்றி ஒரே கட்டளை போதும்: தொடும்போது கொஞ்சம் எடை, உடனே எடையை எடுத்துவிட்டு வில் நகர்ந்துகொண்டே இருக்கட்டும். குத்தக் கூடாது. குத்தினால் அருவி போய் மத்தளம் ஆகிவிடும். தொடாமல் ஊர்ந்து வந்தால் மெட்டு கரைந்துவிடும். இந்த இரண்டுக்கும் நடுவே பிடிக்கத்தான் ஒத்திகை நேரம் முழுதும் போகும்.

சுருதி இன்னொரு தொல்லை. சாதாரண மெட்டில் சற்றுப் பிசகிய நோட்டு ஓடிப்போய்விடும், இங்கே மூன்று பீட் நின்று காட்டிக்கொடுக்கும். 6ஆம் பீட்டில் நிறுத்தச் சொல்லுங்கள்: இ5, சி5, ஏ4 மூன்றும் சுத்தமான ஏ மைனராக ஒலிக்க வேண்டும். 9ஆம் பீட்டில் எஃப்5, டி5, ஏ4 சுத்தமான டி மைனர். இந்த இரண்டு இடத்தில் சரியானால் மற்றவை தானே சரியாகும்.

கம்ப்யூட்டரில் செய்யும்போது

நான்கு டிராக் போட்டு நான்கிலும் ஒரே வயலின் சாம்பிளை (பதிவுசெய்து வைத்த ஒலி) ஏற்றினால் குழாய்க்குள்ளிருந்து வருவது போல ஒரு சத்தம் வரும். ஒரே பதிவு ஒன்றன்மேல் ஒன்று விழுவதால் வருவது அது. நான்கு வேறு சாம்பிள் இல்லையென்றால் சுருதியைச் சற்று மாற்றுங்கள் (அரை சுரத்தில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்): ஒன்று 4 சென்ட் மேலே, ஒன்று 4 சென்ட் கீழே, மற்றவை 2 மேலே, 2 கீழே. தொடக்க நேரத்தையும் 10 முதல் 20 மில்லிசெகண்ட் வரை ஒவ்வொன்றிலும் வேறாக நகர்த்துங்கள்.

சாம்பிளின் 'லெகாட்டோ' வசதியை அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் மென்பொருள் 1ஆம் குழுவின் ஜி5ஐயும் சி5ஐயும் ஒரே வாக்கியமாக நினைத்து வழுக்கிச் செல்லப் பார்க்கும். அங்கே வழுக்கல் இருக்கவே கூடாது.

ஒவ்வொரு நோட்டுக்கும் எக்ஸ்பிரஷன் வளைவு (சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் மிடி கன்ட்ரோல் 11) தொடக்கத்தில் 95, முடிவில் 55. இதைப் போடாமல் எல்லா நோட்டும் ஒரே சத்தத்தில் நின்றால் மெட்டு எது, மிச்சம் எது என்று தெரியாது. இறங்கும் மெட்டில் பழைய நோட்டுதான் மேலே இருக்கும், காது எப்போதும் மேலே உள்ளதைத்தான் பிடிக்கும். அதனால் இந்த வளைவு கட்டாயம்.

பேன் (ஒலி இடது வலதில் எங்கே நிற்கிறது என்பது): 1ஆம் குழு இடதில் 40, 2ஆம் குழு இடதில் 15, 3ஆம் குழு வலதில் 15, 4ஆம் குழு வலதில் 40. இறங்கும்போது ஒலி இடமிருந்து வலமாக நடக்கும். ஹெட்போனில் அது உறுத்தினால் எல்லாவற்றையும் பாதியாக்குங்கள்.

ரிவெர்பில் (மென்பொருளின் செயற்கை எதிரொலியில்) கை வைக்கும் முன் நிறுத்துங்கள். எதிரொலியை ஏற்கெனவே எழுதிவிட்டோம், அதன் மேல் தேவாலய ரிவெர்ப் போட்டால் ஒன்றின் மேல் ஒன்று ஏறி மெட்டு மூழ்கிவிடும். 1.2 செகண்ட் அறை, 10 சதவீதம் கலவை, அதற்கு மேல் வேண்டாம்.

எவ்வளவு நேரம் வைப்பது

எட்டு பார் அருவி, பிறகு எட்டு பார் எல்லா வயலினும் ஒன்றாக நேராக. திரும்ப வரும்போது நான்கு பார். முழுப் பாட்டையும் இப்படியே எழுதினால் ஒரு நிமிடத்தில் திகட்டிவிடும்.

பின்ஜும் இதிலேயே தங்கிவிடவில்லை. ஷார்மெய்னுக்குப் பிறகு சொந்தமாக எழுதுவதற்கே நேரம் கொடுத்தார். அவர் மெட்டுகளைக் கவனித்தால் அருவி இல்லாமலே நிற்கக் கூடியவை என்பது தெரியும். 1951இல் எழுதிய ஒன்றுக்கு முதலில் வேறு பெயர், 'தெருவில் போகும் மனிதன்' என்று பொருள்படும் தலைப்பு. மறு ஆண்டு இளம் எலிசபெத் அரியணை ஏறியதும் அது 'எலிசபெதன் செரனேட்' ஆனது. 1957இல் ஐவர் நொவெல்லோ விருதும் பெற்றது. பின்னாளில் ஜமைக்காவில் போரிஸ் கார்டினர் அதே மெட்டை ரெகே தாளத்தில் வாசித்து ஹிட் ஆக்கினார். வயலின் படை எதுவும் இல்லாமல் வேறொரு தாளத்தில் போட்டாலும் மெட்டு நிற்கிறது. உங்கள் மெட்டையும் அருவியாக்கும் முன் ஒற்றை விரலால் கீபோர்டில் வாசித்துப் பாருங்கள். அப்போதே சப்பென்று இருந்தால் நான்கு குழுவாகப் பிரித்தாலும் சப்பென்றுதான் இருக்கும்.

நீளத்துக்கு 'செயிலிங் பை'யைப் பாருங்கள். 1963இல் எழுதிய மெதுவான வால்ட்ஸ். பிபிசி ரேடியோ 4 நள்ளிரவுக்குப் பின் கப்பல்களுக்கான வானிலை அறிக்கைக்கு முன்னால் இதை ஒலிபரப்பி வந்தது. முந்தைய நிகழ்ச்சி சில விநாடி முன்பின் முடிந்தாலும் இடைவெளியை நிரப்புவதற்கும், கடலில் இருப்பவர் சரியான அலைவரிசையைப் பிடித்துக்கொள்வதற்கும் பயன்பட்டது. மெட்டு திரும்பத் திரும்ப வருவதால் எங்கிருந்து கேட்டாலும் அடையாளம் தெரியும். குறும்படத்துக்கோ நிகழ்ச்சி முகப்புக்கோ எழுதுகிறீர்கள் என்றால் இரண்டரை முதல் மூன்று நிமிடம் எழுதி, எட்டு பாருக்கு ஒருமுறை கார்ட் வீட்டுக்கு, அதாவது தொடங்கிய கார்டுக்கு, திரும்புமாறு வைத்துக்கொள்ளுங்கள். எடிட்டர் எங்கே வெட்டினாலும் தொங்காது.

உரிமை விஷயம்

உத்திக்கு உரிமையாளர் கிடையாது, யாரும் அருவி எழுதலாம். ஆனால் பின்ஜின் மெட்டுகளையே அரேஞ்ச் செய்து வெளியிடுவது வேறு. அவர் 1979இல் காலமானார். பிரிட்டனில் இறந்து 70 ஆண்டு என்ற கணக்கில் 2049 முடியும்வரையும், இந்தியாவில் 60 ஆண்டு என்ற கணக்கில் 2039 முடியும்வரையும் உரிமை இருக்கிறது. ஷார்மெய்ன் மெட்டு அவருடையது அல்ல, அது எர்னோ ராப்பி, லூ பொல்லாக் இருவரும் 1920களில் எழுதியது. ஆனால் மாண்டோவானிக்காக அதன் மேல் பின்ஜ் எழுதிய அரேஞ்ச்மென்ட் தனிப் படைப்பு. அந்தத் தட்டைக் கேட்டு நோட்டுக்கு நோட்டு இறக்கிப் பழகலாம், வெளியிடும்போது உங்கள் சொந்த நான்கு வரிகளை எழுதிக்கொள்ளுங்கள்.